நானூறு நாற்காலி

பிப்ரவரி 11

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நான், உன் மாமா, வேன், நாற்காலிகள் எல்லோரும் சுகம். என் காது மட்டும் போன தடவையை விட மோசம். இருபது வருஷம் ஸ்பீக்கர் பெட்டி பக்கத்தில் நின்றால் பாறைக்கே காது போய்விடும். போனில் நீ பேசினால் கொசு பாடுகிற மாதிரிதான் கேட்கிறது. அஞ்சாம் வகுப்போடு தப்பித்து ஓடிவந்தவளை இந்த வயதில் கட்டுரை எழுத வைத்த பாவம் உன்னைத்தான் சேரும்.

உன் வீட்டுக்காரி உனக்கு நேரத்துக்குச் சோறு போடுகிறாளா, இல்லை இன்னும் நீதான் அவளுக்குப் போடுகிறாயா? யார் போட்டாலும் சரி, இளைத்துப் போகாதே. உன் கழுத்து ஏற்கெனவே சட்டைக் காலருக்குள் மைக் கம்பி மாதிரி நிற்கும்.

இங்கே தேர்தல் சூடு. வாடகை நாற்காலிக்காரிக்குக் கல்யாணத்தை விடத் தேர்தல்தான் பெரிது. கல்யாணத்துக்கு வருகிறவன் பாதி நேரம் பந்தி வாசலில் நிற்பான். கூட்டத்துக்கு வருகிறவன் உட்கார்ந்தே தீருவான்.

போன வாரம் நர்ஸம்மா வந்தார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றார்களே, என் முதுகு பிடித்தபோது வீடு தேடி வந்து ஊசி போட்டார்களே, அவர்கள்தான். கட்சி இல்லாமல் தனியாகத் தேர்தலில் நிற்கிறார்களாம். “ஆஸ்பத்திரிக்குப் படுக்கை கேட்டுக் கேட்டு அலுத்துப்போச்சு. அதான் நாற்காலி கேக்க வந்தேன்” என்றார்கள். நாற்பது வேண்டுமாம். பர்ஸைத் திறந்தார்கள். “உள்ள வைங்கம்மா. நீங்க போட்ட ஊசிக்கு பில்லா குடுத்தீங்க?” என்று சொல்லி இரண்டு அடுக்கை ஏற்றி அனுப்பிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில், தேர்தலில் நிற்கிற மில்காரரின் கூட்டம். கோடவுன் நிற்கிற இடமே அவருடையது, கேட்கவா வேண்டும். உன் மாமா வேனில் பத்து நடை அடித்தார். நான் வழக்கம்போல அடுக்குக்கு ஒரு கோடு சாக்பீஸால் சுவரில் போட்டுக்கொண்டே வந்தேன். கடைசியில் சுவர் வரிக்குதிரை மாதிரி ஆகிவிட்டது. காலில் செம்புக் கம்பி சுற்றின நம்ம பழைய நாற்காலி ‘கட்டுப்போட்ட மாப்பிள்ளை’யைக் கூட விடவில்லை, அவரையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். கோடவுன் துடைத்த மாதிரி காலி. நான் ஸ்பீக்கர் பெட்டி மேல் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

உன்னை ஏதோ புது வேலைக்கு மாற்றினார்களாமே. என்ன அது, ராணுவ ரகசியமா?

உன் வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல். கண்ணைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா

*

பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். உன் காதுக்கு டாக்டரைப் பார்த்தாயா? மாமாவின் முழங்கால் எப்படி இருக்கிறது?

என்னைத் தேர்தல் செலவுக் கண்காணிப்பு அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். எந்தத் தொகுதி என்று வெளியே சொல்லக் கூடாது. வாசலிலேயே போனை வாங்கி ஒரு மரப்பெட்டியில் பூட்டிவிடுகிறார்கள். ஜன்னல் இல்லாத அறை, ஆறு கணினி, ஆறு பேர்.

வேலையைச் சொன்னால் சிரிப்பாய். வேட்பாளர் இவ்வளவுக்கு மேல் செலவு செய்யக் கூடாது என்று வரம்பு உண்டு. மீறினால் ஜெயித்தாலும் பதவி போகும். அதனால் கூட்டங்களை எல்லாம் படம் எடுத்து வருகிறார்கள். நான் படத்தை நிறுத்தி நிறுத்தி நாற்காலிகளை எண்ண வேண்டும். வேட்பாளர் கொடுத்த பில்லோடு ஒப்பிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். அவ்வளவுதான் வேலை.

ஒன்று மட்டும் கேள், அக்கா. நர்ஸம்மாவுக்குச் சும்மா கொடுத்ததாக எழுதியிருந்தாய். சும்மா கொடுத்தாலும் இத்தனை நாற்காலி, இன்ன மதிப்பு என்று ஒரு காகிதம் வேண்டும். இல்லையென்றால் வாங்கியவர் மறைத்ததாக ஆகிவிடும், மூன்று வருஷம் தேர்தலில் நிற்க முடியாது. யாருக்குக் கொடுத்தாலும் உன் கையாலேயே பில் எழுதிக் கொடு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
தம்பி

*

மார்ச் 4

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. சுகம். உன் கடிதம் வந்த நாளிலிருந்து சிரித்துச் சிரித்து விலா வலிக்கிறது, அந்த ஒன்றைத் தவிர உடம்புக்கு ஒன்றும் இல்லை.

பதினாறு வருஷம் படித்தாய். புத்தகத்துக்கே ஒரு கொட்டகை வேண்டியிருந்தது. கடைசியில் அரசாங்கம் சம்பளம் கொடுத்து உன்னை நாற்காலி எண்ண உட்கார வைத்திருக்கிறது. நான் அஞ்சாம் வகுப்பில் நின்று அதே வேலையைச் செய்கிறேன். உன் மாமாவிடம் சொன்னேன். அவர் வாயைத் திறப்பதே கொட்டாவிக்குத்தான், அவரே சிரித்துவிட்டார்.

சரி, தொழில் ரகசியம் சொல்கிறேன், உன் பெரிய ஆபீசரிடம் சொல்லிப் பேர் வாங்கிக்கொள். முன்னால் நின்று எண்ணாதே. முன்னால் பார்த்தால் தலை மறைக்கும், மடியில் பிள்ளை மறைக்கும், கொடி மறைக்கும். பின்னால் போய் பின்னங்காலை எண்ணு. இரண்டு காலுக்கு ஒரு நாற்காலி. ஆனால் உனக்குப் போய்ச் சொல்கிறேன் பார். படிக்கிற காலத்தில் லீவு நாளில் நீ எண்ணி நான் ஒரு தடவையும் தப்பு கண்டதில்லை. ஒன்று குறைகிறது என்று மைதானம் வரை திரும்ப நடந்துபோய் மாப்பிள்ளையைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்தவன் நீ.

தேர்தல் முடிந்தது. மில்காரர் ஜெயித்தார். நர்ஸம்மாவுக்கு நானூற்றுச் சொச்சம் ஓட்டு. “ஊசி போட்ட எல்லாரும் போட்டிருந்தா ஜெயிச்சிருப்பேன். வலி ஞாபகம் இருக்கு போல” என்று சிரித்தார்கள். நாற்காலியில் இருபத்து மூன்று உடைசல்.

வேறு விசேஷம் இல்லை. வெயில் ஏறுகிறது, தண்ணீர் நிறையக் குடி.

உன் அக்கா

*

மார்ச் 27

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். கண் எரிச்சல் கொஞ்சம் இருக்கிறது. சொட்டு மருந்து விடுகிறேன். மாமாவின் முழங்காலைப் பற்றி நீ எழுதவே இல்லை.

பில் பற்றிக் கேட்டிருந்தேன். அதைப் பற்றியும் எழுதவில்லை.

கட்டுப்போட்ட மாப்பிள்ளை சௌக்கியமா? அவரை எங்கோ கடைசி வரிசையில் பார்த்த மாதிரி இருந்தது. கம்பி இன்னும் பளபளவென்றுதான் இருக்கிறது.

உன் கையெழுத்தும் மாறவே இல்லை. அதற்கு மேலே இருக்கிற எழுத்துதான் யாருடையது என்று தெரியவில்லை.

நேரமில்லை. பிறகு எழுதுகிறேன்.

தம்பி

*

ஏப்ரல் 18

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. எல்லோரும் சுகம். பதில் எழுத நாள் ஆகிவிட்டது. பேனா காய்ந்துபோயிருந்தது, பேனா வாங்கினேன், காகிதம் தீர்ந்திருந்தது, காகிதம் வாங்கினேன், பேனாவைக் காணோம். பெரிய எழுத்தாளர்களுக்கு எல்லாம் இப்படித்தானாம்.

உன் மாமாவின் முழங்கால் கதவு மாதிரி கிறீச்சென்கிறது. எண்ணெய் போடச் சொன்னேன், எனக்கு ஒரு முறைப்பு கிடைத்தது.

கோடவுன் சுவருக்கு வெள்ளை அடித்தோம். பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவை. பளிச்சென்று ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது. மாப்பிள்ளைக்கு வயதாகிவிட்டது என்று பரணில் ஏற்றியாயிற்று.

நர்ஸம்மா வந்திருந்தார்கள். ஏதோ காகிதம் கேட்டார்கள். பில் புக் தீர்ந்துபோச்சு என்று சொன்னேன்.

சொட்டு மருந்தை விடாமல் போடு. உன் வீட்டுக்காரியைக் கேட்டதாகச் சொல்.

உன் அக்கா

*

மே 9

அக்காவுக்கு,

மில்காரர் கூட்டத்து நாற்காலிக் கணக்கு முடிந்தது. பில்லில் நானூறு என்று இருந்தது. படத்திலும் நானூறு. இரண்டும் பொருந்துகின்றன என்று கையெழுத்துப் போட்டாயிற்று. இனி அது பற்றி யாரும் உன் கடைக்கு வர மாட்டார்கள். நீ பயப்பட வேண்டாம்.

நர்ஸம்மா தன் கணக்கில் தானாகவே எழுதியிருந்தார்: நாற்காலி நாற்பது, வாடகைக் கடை அம்மா அன்பாகக் கொடுத்தது. காகிதம் இணைக்கவில்லை. நோட்டீஸ் நான்தான் அனுப்பினேன். செவ்வாய்க்கிழமை நேரில் வந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை. வரிசையில் இரண்டு மணி நேரம் நின்றிருக்கிறார்.

“கடையில ஒரு காகிதம் வாங்கிட்டு வரக்கூடாதாம்மா?” என்று கேட்டேன்.

“பாவம், அவங்க பில் புக் தீர்ந்துபோச்சாம். நல்ல மனுஷி. இதுக்காக அவங்களைத் தொந்தரவு பண்ணாதீங்க” என்றார்.

அந்த பில் புத்தகத்தின் ஏழாவது தாள் அப்போது என் மேஜை மேல் இருந்தது. கவிழ்த்து வைத்தேன்.

அவருடைய பெயர் மூன்று வருஷத் தடைக்குப் போய்விட்டது. கேட்டுக்கொண்டு எழுந்தார். போகும்போது என் கண் சிவந்திருப்பதைப் பார்த்து, உள்ளங்கையால் ஒத்தடம் கொடுக்கச் சொன்னார்.

தம்பி

*

மே 17

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நாங்கள் இருக்கிறோம். நீ எங்களை விசாரிக்கவில்லை. விசாரிக்கிற மாதிரி நான் நடந்துகொள்ளவும் இல்லை.

உன் கடிதத்தை உன் மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். நானூறு பொருந்திவிட்டது என்ற இடம் வந்ததும் எனக்கு முதலில் மூச்சு வந்தது. நிஜத்தைச் சொல்கிறேன், சந்தோஷமாகத்தான் இருந்தது. உன் மாமா தட்டைத் தள்ளி வைத்தார். “நம்ம பையன் நல்லா எண்ணுவானே” என்றார். அவ்வளவுதான் சொன்னார். எழுந்து வேனில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. மண்டையில் ஏற எனக்கு எப்போதுமே கொஞ்ச நேரம் ஆகும்.

நான் எழுதாமல் விட்டதை எல்லாம் எழுதிவிடுகிறேன். கூட்டம் முடிந்து இரண்டாம் நாள் மில்காரரின் கணக்குப்பிள்ளை வந்தார். வாடகை முழுதும் கையில் கொடுத்தார். “பில்லை நாங்களே எழுதிக்கறோம். நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க” என்றார். ஒரு தாளில் இல்லை, புத்தகம் முழுக்க. ஐம்பது தாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “சினிமாக்காரி கூட ஒரே நாளில் இத்தனை கையெழுத்துப் போட்டிருக்க மாட்டாள்” என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே போட்டேன். இடம் அவருடையது. முடியாது என்றால் நாற்காலிகளை எங்கே கொண்டுபோய் அடுக்குவேன் என்று நினைத்தேன். அது பயம். சிரித்தது பயத்தை மறைக்க.

உன் கடிதம் வந்தபோது புத்தகம் அவர்களிடம்தான் இருந்தது. உன் கையாலேயே எழுதிக் கொடு என்று நீ எழுதியிருந்தாய். போய்த் திருப்பிக் கேட்டிருக்கலாம். நாற்காலி எண்ணுகிற உத்தியோகம் என்று கேலி செய்து நாலு பக்கம் எழுதினேன். கேலி செய்தால் பதில் சொல்ல வேண்டியதில்லை, பார்.

மாப்பிள்ளையைப் பார்த்ததாக நீ எழுதியதும் சுவரில் போட்ட கோடுகள்தான் ஞாபகத்துக்கு வந்தன. அதன் பிறகுதான் சுவருக்கு வெள்ளை அடித்தேன். உன் மாமா மாட்டேன் என்றார். நானே அடித்தேன். உனக்கு எழுதும்போது உன் மாமாவையும் சேர்த்து ‘அடித்தோம்’ என்று எழுதினேன்.

நர்ஸம்மா வந்தபோது சுண்ணாம்பு காயவில்லை. “பில் புக் தீர்ந்துபோச்சும்மா, வேணும்னா சுவத்துல எழுதித் தரேன், பேத்து எடுத்துட்டுப் போங்க” என்றேன். அவர்கள் சிரித்தார்கள். என் முதுகு எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். குனியச் சொல்லி அழுத்திப் பார்த்தார்கள். நான் குனிந்தேன். நிமிர வெட்கமாக இருந்தது. அவர்கள் போகட்டும் என்று, வலிக்கிறது, வலிக்கிறது என்று சொல்லிக் குனிந்தே நின்றேன்.

ஏதோ ஒரு ஆபீசுக்குத்தான் பொய் சொல்கிறோம் என்று நினைத்தேன், தம்பி. அந்த ஆபீசுக்குள்ளே நீ உட்கார்ந்திருந்தாய். ஒரு நாற்காலி குறைந்ததற்கு இருட்டுகிற நேரத்தில் மைதானம் வரை நடந்தவன், எனக்காக மூவாயிரம் நாற்காலிக்கு மேல் எண்ணாமல் விட்டிருக்கிறாய். இதை யாரிடம் சொல்லிச் சிரிப்பேன்?

இதோடு ஒரு உறை வைத்திருக்கிறேன். ஒட்டவில்லை. அதைக் கொடுத்தால் உன் தலையும் உருளும் என்று எனக்குத் தெரியும். கொடுப்பதும் கிழிப்பதும் உன் இஷ்டம். எதைச் செய்தாலும் நான் ஏன் என்று கேட்க மாட்டேன்.

கண்ணுக்கு ஒத்தடம் கொடு. அவர்கள் சொன்னால் சரியாக இருக்கும்.

உன் அக்கா

*

[உறையில் இருந்தது]

தேர்தல் செலவு பார்க்கிற பெரிய அதிகாரி அவர்களுக்கு,

வணக்கம். நான் நாற்காலி, ஸ்பீக்கர் வாடகைக்கு விடுகிறவள். அஞ்சாம் வகுப்பு. எழுத்தில் தப்பு இருந்தால் மன்னிக்கவும். எண்ணிக்கையில் தப்பு இல்லை.

மில்காரர் கூட்டத்துக்கு நான் அனுப்பியது நூற்று எண்பத்திரண்டு அடுக்கு. அடுக்குக்கு இருபது. மொத்தம் மூவாயிரத்து அறுநூற்று நாற்பது. நானூறு என்ற பில்லில் கையெழுத்து என்னுடையது, எழுத்து என்னுடையது இல்லை. வெற்றுத் தாளில் போட்டுக் கொடுத்தேன். யாரும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை. நானே போட்டேன். படத்தில் கடைசி வரிசையில் காலில் செம்புக் கம்பி கட்டிய நாற்காலி இருந்தால் அது எங்களுடையது. பரணில் இருக்கிறது, வந்து பார்க்கலாம். சுவரில் கோடு இருந்தது. நான் அழித்தேன்.

ஓய்வு பெற்ற நர்ஸம்மாவுக்கு இரண்டு அடுக்கு, நாற்பது நாற்காலி, சும்மா கொடுத்தேன். அவர்கள் காசு கொடுக்க வந்தார்கள், நான் வாங்கவில்லை. பிறகு காகிதம் கேட்டு வந்தார்கள், நான் பொய் சொல்லி அனுப்பினேன். அவர்கள் மேல் குற்றம் இல்லை. வெளியில் விட்டிருந்தால் என்ன வாடகையோ அதை மதிப்பாக வைத்து இந்தக் காகிதத்தையே பில்லாக எடுத்துக்கொள்ளவும்.

படத்தை எண்ணியவருக்கு நான் அக்கா. அவருக்கு எண்ணத் தெரியும்.

இப்படிக்கு,
வாடகைக் கடைக்காரி

*

ஜூன் 28

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே சுகம். ஆறு வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. கேட்க மாட்டேன் என்று எழுதினேன், கேட்கவும் இல்லை. தபால்காரர்தான் என்னைக் கண்டால் தெரு மாறிப் போகிறார்.

நேற்று கணக்குப்பிள்ளை வந்தார். இந்தத் தடவை உட்காரவில்லை. முப்பது நாளில் இடத்தைக் காலி செய்ய வேண்டுமாம். “எதுக்குன்னு உங்களுக்கே தெரியும்” என்றார். எனக்குச் சரியாகக் கேட்காததால் இரண்டு தடவை கத்த வேண்டியதாயிற்று, பாவம்.

அவர் போன பிறகு உன் மாமாவிடம் சொன்னேன்: “குடுத்துட்டான்.”

அவர் பரணில் ஏறி மாப்பிள்ளையை இறக்கினார். துடைத்து வாசலில் போட்டார். நாங்கள் இரண்டு பேரும் அதில் உட்காரவில்லை.

நர்ஸம்மா வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கடைசி வரை கேட்டார்கள். பிறகு, “முதுகு நிஜமாவே வலிச்சுதா?” என்று கேட்டார்கள். இல்லை என்றேன். “ம்” என்றார்கள். கதவு வரை வரவில்லை. எப்போதும் தெருமுனை வரை வருகிறவர்கள்.

உன்னை என்ன செய்தார்கள்? எழுத வேண்டாம் என்றால் வெறும் காகிதத்தையாவது மடித்து அனுப்பு.

உன் அக்கா

*

ஜூலை 7

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். கண் எரிச்சல் போய்விட்டது. திரையைப் பார்த்து ஒரு மாதம் ஆகிறது.

உன் உறையை ஒன்பது நாள் சட்டைப் பையில் வைத்திருந்தேன். ஒரு நாள் கிழிக்க எடுத்தேன். ‘அவருக்கு எண்ணத் தெரியும்’ என்ற வரியைத் திரும்பப் படித்தேன். அன்றைக்கே என் பங்குக்கு ஒரு காகிதம் எழுதினேன். அது என் அக்காவின் கடை என்று முதல் நாளே சொல்லிக் கோப்பைத் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும், சொல்லவில்லை. மாப்பிள்ளையைப் பார்த்தேன், பார்க்காத மாதிரி எழுதினேன். இரண்டு காகிதத்தையும் சேர்த்தே கொடுத்தேன். அதிகாரி படித்துவிட்டு என் போன் இருந்த பெட்டியின் சாவியை எடுத்து நீட்டினார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். விசாரணை நடக்கிறது. வீட்டில் அவளிடம் சொல்ல மூன்று நாள் ஆயிற்று, அதுவரை தினமும் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போய்ப் பூங்காவில் உட்கார்ந்திருந்தேன். உனக்கும் அந்த வெட்கத்தில்தான் இத்தனை நாள் எழுத முடியவில்லை.

நர்ஸம்மாவுக்கு பில்லாக நீ எழுதிய காகிதத்தை ஏற்றுக்கொண்டார்கள். தடையை நீக்கச் சொல்லி மேலே எழுதியிருக்கிறார்கள். இன்னும் நீங்கவில்லை. மில்காரருக்கு நோட்டீஸ் போயிருக்கிறது. பதவி போகுமா என்று எனக்குத் தெரியாது, பெரிய வக்கீல் வைத்திருக்கிறார்.

போன வாரம் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். புதிதாக வந்தவர் அந்தப் படத்தை மறுபடி எண்ணியிருந்தார். மூவாயிரத்து ஐந்நூற்று இருபது. “இது சரிதானே?” என்று அதிகாரி கேட்டார். என்னைக் கேட்கிறாரே என்று காது மடல் சுட்டது. தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்திருக்கலாம்.

“ஆறு அடுக்கு விட்டுப்போச்சு சார்” என்றேன். “ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னாடி. கூட்டம் கலைஞ்ச பிறகு எடுத்த படத்துல தெரியும். முன்னால இருந்து பாக்கக் கூடாது. பின்னங்காலை எண்ணணும்.”

புதியவர் படத்தை ஓட விட்டார். அறையில் எல்லோரும் எழுந்து வந்து பார்த்தார்கள். நான் பார்க்கவில்லை. அவர் வாய்விட்டு எண்ணுவதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். நூற்றிருபதில் நிறுத்தினார்.

சனிக்கிழமை வருகிறேன். கோடவுனைக் காலி செய்ய மாமாவின் முழங்கால் மட்டும் போதாது. அடுக்குகளை நான் ஏற்றுகிறேன், நீ சாக்பீஸை எடுத்து வை. வாசலில் போட்ட மாப்பிள்ளையை யாருக்கும் வாடகைக்கு விட்டுவிடாதே. எனக்கு இப்போது உட்கார வேறு இடம் இல்லை.

மாமாவைக் கேட்டதாகச் சொல். உன் காதைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
தம்பி